தடுக்க வேண்டிய சொற்கள்

என் மகள் எழுதிய மென்பொருளில் ஒரு பக்கம் எனக்காகவே இருந்தது. அவள் என்ன படிக்கிறாள், எதை இறக்குகிறாள் என்று நான் பார்த்துக்கொள்வதற்காக அவளே செய்து கொடுத்த பக்கம். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்தப் பக்கத்தில் ஒரு நாள் நான் ஒரு சொல்லை எழுதி வைத்தேன். அதன் பிறகு நடந்தவற்றை இப்போது வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். அந்தப் பயத்தில், வீட்டில் தொலைபேசி அடித்தால் எடுக்கும் வேலையை இன்றும் மனைவியிடம் விட்டுவிடுகிறவன் நான். அதனால் வரிசை கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் இருந்தோம். எனக்கு வேலை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா வேலை. காலையில் ரயிலேறிப் போய் மாலையில் ரயிலேறி வருவேன். அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு கடிதமும் என் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போகும். யாரிடமிருந்து, என்ன விஷயம், எந்தத் தேதி என்று பதிவேட்டில் எழுதி, முத்திரை குத்தி அனுப்புவேன். அப்படி இருபது வருடம். பதிவேட்டில் ஏறாத கடிதம் என்றால் எனக்கு இருப்புக்கொள்ளாது. வீட்டிலும் நான் அப்படித்தான் இருந்தேன் என்று மனைவி சொல்வாள்.

எங்களுக்கு ஒரே பெண். அவளுக்குப் பதினாறு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சமையலறைத் தொட்டியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது முதல் தடவையாக வலிப்பு வந்தது. மனைவி போட்ட சத்தத்தில் ஓடிப்போய்ப் பார்த்தேன். தரையில் கிடந்தாள். கண் மேலே செருகியிருந்தது. நான் ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவன். வலிப்பு மூளையில் வரும் நோய், இரும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சுவரில் தொங்கிய வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து அவள் கைக்குள் வைத்து, விரல்களை மூடி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் நின்றது. தானாகவே நின்றிருக்கும். எழுந்து உட்கார்ந்தவள் உள்ளங்கையில் பதிந்திருந்த சாவிப் பல்லின் தடத்தைப் பார்த்து, இது என்னப்பா என்று கேட்டாள். நான் சாவியைப் பழைய இடத்தில் மாட்டினேன்.

கிள்ளானில் டாக்டரைப் பார்க்கவில்லை. பூச்சோங்கில் எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பதால் அங்கே ஒரு கிளினிக்குக்குப் போனோம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை. வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை ஒரு பழைய வைட்டமின் போத்தலில் கொட்டி, மருந்துக்கடைப் பெட்டியைக் கிழித்துப் போட்டேன். பாக்கிறவங்க வைட்டமின்னு நினைச்சுக்குவாங்க என்றேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அன்றைக்கே அவளிடம் சத்தியம் வாங்கினோம்.

டீச்சரிடமுமா என்று கேட்டாள். டீச்சரிடம் முக்கியமாகச் சொல்லக்கூடாது என்றேன். அந்த டீச்சரின் புருஷன் எங்கள் கோவில் நிர்வாகச் செயலவையில் இருந்தார்.

எனக்குக் காரணம் இருந்தது. மனைவிக்குச் சித்தி மகள் ஒருத்தி, அவளுக்கும் வலிப்பு. இரண்டு முறை பரிசம் போட்ட பிறகு மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் வீட்டுப் பின்னறையில் துணி மடித்துக்கொண்டே அவளுக்கு நாற்பது வயது ஆகிவிட்டது. நாங்கள் போகும்போதெல்லாம் கதவோரம் நின்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எந்தத் தகப்பனும் என்னைப் போலத்தான் செய்திருப்பான் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் கடைசியான ஆறாம் படிவப் பரீட்சை முடிந்து முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் அவள் கணினியில் இறங்கினாள். பழைய கணினி ஒன்று ஏற்கெனவே இருந்தது. இன்னொன்றைப் பாகம் பாகமாக வாங்கி அவளே பூட்டினாள். மோடம் வந்தது. வீட்டுத் தொலைபேசிக்கம்பி ஹாலில் இருந்து அவள் மேசைக்குப் போனது. அவளுக்குப் பிடித்தது செய்திக்குழுக்கள். நியூஸ்குரூப் என்பார்கள். உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் ஒட்டி வைக்கும் அறிவிப்புப் பலகை மாதிரி, ஆயிரக்கணக்கான தலைப்புகளில். யாராவது ஒரு கேள்வி எழுதுவார்கள், வேறு ஏதோ ஊரில் இருப்பவர் பதில் எழுதுவார். பெரிய கோப்புகளை அதில் போட வேண்டுமென்றால் பன்னிரண்டு, இருபது துண்டுகளாக வெட்டித்தான் போடுவார்கள். சில நாள்தான் இருக்கும், பிறகு அழிந்துவிடும். அதற்குள் எல்லாத் துண்டுகளையும் எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு துண்டு தவறினாலும் கோப்பு திறக்காது.

இந்தப் பொறுக்கிச் சேர்க்கிற வேலையைச் செய்யத்தான் அவள் மென்பொருளை எழுதினாள். அது தானாகவே இணைப்பை எடுக்கும், கேட்ட குழுக்களுக்குப் போகும், துண்டுகளைக் கொண்டுவரும், ஒட்டும். முதலில் அதற்குப் பக்கம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

பக்கம் வந்ததற்குக் காரணம் என் சந்தேகம். அலுவலகத்தில் கூட வேலை செய்த ஒருவர், செய்திக்குழு முழுக்க அசிங்கப் படம்தான் அண்ணே, பொண்ண அதுல விட்டு வெச்சிருக்கீங்களே என்றார். அன்று மாலை ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து மோடத்தைப் பிடுங்கப்போனேன். அவள் அழவில்லை. கம்பியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"பிடுங்காதீங்கப்பா. என்னென்ன வருதுன்னு ஒரு பேஜ் போட்டுத் தரேன். நீங்களே தினம் பாத்துக்குங்க. ஆபீஸ் ரிஜிஸ்டர் மாதிரி."

ஒரு வாரத்தில் செய்துவிட்டாள். இரண்டு கணினிக்கும் நடுவில் ஒரு கம்பியை இழுத்து, பழையதை ஹாலில் எனக்கென்று வைத்தாள். பிரவுசரைத் திறந்தால் பட்டியல் வரும். எந்தக் குழு, என்ன தலைப்பு, யார் எழுதியது, எத்தனை துண்டில் எத்தனை வந்திருக்கிறது, எப்போது வந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண். பதிவேடேதான். வரியை அழுத்தினால் கடிதமே திறக்கும். நிறுத்த ஒரு பொத்தான், தொடர ஒரு பொத்தான், நீக்க ஒன்று. எனக்கு அது பிடித்துப்போனது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையிலிருந்து வந்து தேத்தண்ணீரோடு உட்கார்ந்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பேன். பெரும்பாலும் மென்பொருள், எழுத்துரு, வானத்து நட்சத்திரப் படங்கள். அசிங்கம் ஒன்றும் இல்லை. இல்லை என்பதாலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அதனால் அவள் இன்னொன்றும் செய்து கொடுத்தாள். பக்கத்தின் அடியில் ஒரு பெட்டி. மேலே ஆங்கிலத்தில் 'தடுக்க வேண்டிய சொற்கள்' என்று தலைப்பு. அதில் எந்தச் சொல்லை எழுதினாலும், அந்தச் சொல் உள்ள எதுவும் என் பட்டியலுக்கும் வராது, அவள் திரைக்கும் வராது. கெட்ட வார்த்தைகளை நீங்களே போடுங்க, நான் அந்தப் பெட்டியைத் திறக்கவே மாட்டேன் என்றாள். சத்தியமா என்றேன். சத்தியம் என்றாள். பெட்டியைப் பற்றி வேறு ஏதோ விளக்கமும் சொன்னாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. எந்தெந்த வார்த்தையைப் போடுவது என்ற யோசனையில் இருந்தேன். ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தைகள் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. மறுநாள் அலுவலகத்தில் அந்த நண்பரிடமே கேட்டேன். அவர் ஒரு காகிதத்தில் ஐந்து எழுதிக் கொடுத்து, இதுக்கு மேல வேணும்னா மீன் பாசாருக்குத்தான் போகணும் அண்ணே என்றார். வீட்டில் யாரும் இல்லாதபோது அந்த ஐந்தையும் ஒரு விரலால் தட்டினேன்.

கொஞ்ச நாளில் அவள் அந்த மென்பொருளை, அதை இயக்க அவள் எழுதிய வரிகளான உள்ளெழுத்தோடு, எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அவளுக்கும் அனுப்பலாம். ஏன் சும்மா கொடுக்கிறாய் என்று கேட்டதற்கு, நானும் சும்மா எடுத்ததை வெச்சுத்தானேப்பா கட்டினேன் என்றாள். முதல் வரியில் அவள் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருந்தன. எங்கெங்கோ இருந்து ஆட்கள் எழுதினார்கள். துண்டு தவறினால் மறுபடி தேடுகிற பகுதியை ஒருவர் சரிசெய்து அனுப்பினார். பிரவுசரில் பக்கமாகப் பார்க்கிற யோசனை எப்படி வந்தது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவள் என்ன பதில் எழுதினாள் என்று பட்டியலில் தேடிப் படித்தேன். வீட்டில் ஒருவருக்குத் தேவைப்பட்டது என்று மட்டும் எழுதியிருந்தாள்.

பக்கத்து நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டம் வந்த வருடம் அது. சூரியன் பகல் முழுவதும் வெந்த முட்டையின் மஞ்சள் மாதிரி மங்கலாகத் தொங்கும். ஜன்னல்களை மூடியே வைத்திருந்தோம். அவளுக்குக் கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் கணினி படிக்க இடம் கிடைத்திருந்தது. கிள்ளானிலிருந்து தினம் போய்வந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே மூன்று பெண்கள் இருந்த அறையில் அவளும் சேர்வதாக ஏற்பாடு. என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்.

அவள் கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மாலை பட்டியலில் ஒரு புதிய குழு இருந்தது. குழுவின் பெயரிலேயே அந்த நோயின் ஆங்கிலப் பெயர். வலிப்பு உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் இடம். மூன்றாவது வரியில் எழுதியவர் பெயராக என் மகளின் முகவரி.

திறந்து படித்தேன். தனக்குப் பத்தொன்பது வயது என்று எழுதியிருந்தாள். முன்பின் தெரியாத மூன்று பெண்களோடு தங்கப்போகிறேன், அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அப்பா அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், விழுந்தால் நான்தான் தரையில் கிடப்பேன், அவர்களுக்கு ஒன்றும் புரியாது, சொன்னால் அறையை விட்டுப் போகச் சொல்வார்களோ, உங்களில் யாராவது சொல்லியிருக்கிறீர்களா, எப்படிச் சொன்னீர்கள். எங்களைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள் என்று ஒரு வரி இருந்தது.

திரும்பவும் ஒரு தடவை படித்தேன். அவள் பெயர் எத்தனை பேருடைய கணினியில் இருக்கிறது. அதே முகவரி. மென்பொருளை எடுத்த ஒருவன் இதையும் படித்தால்? அவன் இந்த ஊர்க்காரனாக இருந்தால்? நாளை பெண் கேட்டு வரும் வீட்டில் கணினி தெரிந்த பையன் ஒருவன் இருந்தால்? அவள் எழுதியதை என்னால் அழிக்க முடியாது. பதில்கள் வரும், அவளும் திரும்ப எழுதுவாள், பேச்சு வளரும். அதை நிறுத்தத்தான் என்னிடம் வழி இருந்தது. பக்கத்தின் அடிக்குப் போனேன். அந்த ஐந்து அசிங்க வார்த்தைகளுக்குக் கீழே ஆறாவதாக நோயின் பெயரை எழுதி, பொத்தானை அழுத்தினேன். பட்டியல் ஒரு தடவை கண்ணிமைத்தது. அந்தக் குழு இல்லை.

அப்போதெல்லாம் இணைய நிறுவனங்கள் சொல்லாமல் கொள்ளாமல் சில குழுக்களை எடுத்துவிடுவது உண்டு. அவள் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நான்கைந்து நாள் கழித்துச் சாப்பிடும்போது முகம் வாடியிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா. ஒரு கேள்வி கேட்டிருந்தேன். யாரும் பதில் போடல. இப்ப அந்த குரூப்பே வர மாட்டேங்குது."

"போடலன்னா விடு லா," என்றேன். "தேவையில்லாத கேள்வியா இருக்கும்."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். அடுத்த ஞாயிறு அவளைக் கொண்டுபோய் விட்டோம். கணினி அவள் மென்பொருளோடு வீட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பையில் அந்த வைட்டமின் போத்தலை வைத்தது என் மனைவி. அறையிலிருந்த மூன்று பெண்களும் எங்களுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார்கள். இப்போதே சொல்லிவிடலாமா என்று கேட்பதுபோல மகள் ஒரு முறை என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, புகை இங்கே இன்னும் மோசம் என்றேன்.

ஏழு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமைகளில் மதியம் வாழை இலைக் கடையில் சேர்ந்து சாப்பிடுவோம். இளைத்திருந்தாள். பரீட்சை நேரம், தூங்குவதில்லை என்றாள். மாத்திரை போடுகிறாயா என்று நான் உதடு மட்டும் அசையக் கேட்பேன். அவளும் உதட்டை மட்டும் அசைப்பாள். அக்கம்பக்க மேசைக்காரர்களுக்கு நாங்கள் ஏதோ விளையாடுவதாகத் தோன்றியிருக்கும்.

எட்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, அலுவலகத் தொலைபேசியில் அறைப்பெண்களில் மூத்தவள். குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டதாம், கூப்பிட்டால் பதில் இல்லையாம், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறதாம். நான் ஓடிப்போவதற்குள் கீழ்க்கடை ஆட்கள் கதவை உடைத்து, கடை வேனிலேயே அவளைப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். படிக்கட்டில் அவளுடைய ஒரு செருப்பு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு டாக்சி பிடித்தேன்.

அவசரப் பிரிவில் திரைக்குப் பின்னால் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றியில் ரத்தம். வலிப்பு நின்று மயக்கத்தில் இருந்தாள். மூன்று பெண்களும் ஈர உடையோடு நின்றார்கள். மூத்தவள் கையில் அந்த வைட்டமின் போத்தல். டாக்டரிடம் காட்டத் தேடி எடுத்து வந்திருக்கிறாள். இவ வைட்டமின் மட்டும்தான் சாப்பிடுவா அங்கிள், அதத்தான் டாக்டர்கிட்ட சொன்னோம் என்றாள்.

டாக்டர் இளம் வயதுக்காரர். வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருக்கும் என்று எண்ணியிருந்தார். என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இதற்கு முன் எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா?

மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள். கடைக்காரரும் நின்றார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு தமிழ் அம்மாவும் திரும்பிப் பார்த்தார்.

இல்லை என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. மூன்று வருடமாகப் பழகிய வாய் தானாகச் சொன்னது. டாக்டர் குறித்துக்கொண்டு போய்விட்டார். நான் நடைவழியில் தண்ணீர்க் குழாய் வரை போனேன். குடிக்கவில்லை. கையிலிருந்த செருப்பைப் பார்த்தேன். திரும்பி வந்து டாக்டரைத் தேடினேன். அவர் வேறொரு நோயாளியிடம் இருந்தார். காத்து நின்று அவரிடம் உண்மையைச் சொல்லி, போத்தலில் இருப்பது என்ன மாத்திரை என்பதையும் சொன்னேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும், அல்லது பதினைந்து. அதற்குள் திரைக்குப் பின்னால் இரண்டாவது வலிப்பு தொடங்கியிருந்தது. அது எளிதில் நிற்கவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தால்தான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. முன்பே சொல்லியிருந்தாலும் இதே கதிதானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் திட்டவும் இல்லை. முதலில் எழுதியதை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் புதிதாக எழுதினார். மூத்த பெண் மட்டும், எல்லாம் அடங்கி நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"சொல்லியிருந்தா அவள கதவப் பூட்டவே விட்டிருக்க மாட்டோம் அங்கிள்."

ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்தாள். உயிர் இருந்தது, பேச்சு வந்தது, நடந்தாள். எங்களைத் தெரிந்தது. ஆனால் கடைசி இரண்டு மூன்று வருடங்கள் அவளிடம் இல்லை. பூச்சி அரித்த துணி மாதிரி அங்கங்கே நூல்தான் மிச்சம். முதல் வலிப்பு நினைவிருந்தது, உள்ளங்கையின் சாவித் தடம் நினைவிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் அறை நினைவில்லை. புதிதாகப் படிப்பது எதுவும் சீக்கிரம் ஏறவில்லை. கல்லூரியில் சொல்லி நிறுத்திக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்துக் கணினியைத் திறந்தாள். மின்னஞ்சல்கள் குவிந்திருந்தன. அவள் மென்பொருளுக்கு வேறு நாட்டில் யாரோ புதிய பதிப்பு வெளியிட்டிருந்தார். நீ எழுதவில்லையே, நலமா, நீ வரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வரியும் எழுதியிருந்தார். உள்ளெழுத்தைத் திறந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். யார் எழுதியது இது என்று கேட்டாள். நீதான் என்றேன்.

"நானா? நல்லா எழுதியிருக்கேனே."

அதன் பிறகு தினமும் காலையில் அதைப் படிக்கத் தொடங்கினாள். காகிதத்தில் அச்சடித்து, அடியில் அடிக்கோலை வைத்து, ஒவ்வொரு வரியாக. புரிந்த வரிக்குப் பென்சிலால் ஒரு புள்ளி. ஒரு நாளில் இருபது வரி நகர்ந்தால் அது நல்ல நாள். மறுநாள் அதில் பாதி மறந்திருக்கும். கோபப்படாமல் திரும்பவும் தொடங்குவாள். தன் கையெழுத்தைப் பார்த்தே எழுத்துப் பழகுகிறவள் போல இருந்தாள். நான் அரைச் சம்பளத்தில் நீண்ட விடுப்பு எடுத்திருந்தேன். ஹாலில் இருந்த என் கணினியைத் திறப்பதே இல்லை. மேலே துணி போட்டு மூடியிருந்தேன்.

ஒரு காலை, பத்து மணி இருக்கும். மனைவி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் அச்சுக்காகிதத்தோடு ஹாலுக்கு வந்தாள். துணியை எடுத்து மடித்து வைத்து, என் கணினியைப் போட்டாள். இந்தப் பகுதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். பெட்டியைத் திறக்கமாட்டேன் என்று எனக்குச் செய்த சத்தியமும் மறந்துபோயிருந்தது. பக்கத்தின் அடி வரை போய் நின்றாள்.

"அப்பா, இங்க ஒரு லிஸ்ட் இருக்கு. சீ, என்ன வார்த்தைங்க இதெல்லாம்," என்று சிரித்தாள். விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு சிரிப்பு நின்றது. ஆறாவது வரியில் விரலை வைத்தாள். "இது எனக்கு இருக்கிற நோயோட பேருல்ல? இத நானா போட்டேன்?"

சமையலறையில் கீரை ஆயும் சத்தம் நின்றது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எதுவும் நினைவில்லை. அந்தச் சொல்லைப் பார்க்கப் பிடிக்காமல் நீயேதான் தடுத்து வைத்தாய் என்றால் நம்பியிருப்பாள். அது அவளுக்கும் சுலபமாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. மருத்துவமனையில் அந்த 'இல்லை' வந்தது போலவே இந்த 'ஆமாம்' நாக்கு வரை வந்து நின்றது.

"நான்தாம்மா போட்டேன்," என்றேன். "எல்லாத்தையும் நான்தான் போட்டேன். கடைசியா இருக்கிறதையும்."

ஏன் என்று கேட்டாள். நீ அந்தக் குழுவில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய், பதில் வராமல் இருக்கத்தான் என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அடிக்கோலை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அப்ப நீங்களே எடுங்க."

உட்கார்ந்து அந்தச் சொல்லை அழித்தேன். பொத்தானை அழுத்தினேன். பட்டியல் கண்ணிமைத்தது. தடுத்த கடிதங்கள் அழிந்துபோயிருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தடுத்தவற்றை அவள் மென்பொருள் அழிப்பதில்லை, தனியே எடுத்து வைக்கும். தவறாகத் தடுத்திருந்தால் திரும்பப் பார்க்க வேண்டுமே என்று அவள் அப்படி எழுதியிருந்தாள். அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளாத விளக்கம் அதுதான். ஒவ்வொரு வரியாக வந்து விழுந்தன. அவள் கேள்விக்கு வந்த பதில்கள் மட்டும் பதினொன்று. முதலாவது, நான் பொத்தானை அழுத்திய மறுநாளே வந்திருந்தது.

நான் எழுந்து இடம் விட்டேன். அவள் உட்கார்ந்து அடிக்கோலைத் திரையில் வைத்துப் படித்தாள். அந்தக் காலப் பதில்களில், கேட்டவர் எழுதியதை முதலில் அப்படியே திருப்பிக் காட்டி, அதற்குக் கீழேதான் பதில் எழுதுவார்கள். அதனால் அவள் முதலில் படித்தது தன் கேள்வியைத்தான். மெல்ல உதடசைத்துப் படித்து முடித்தவள், திரும்பாமலே சொன்னாள்.

"பாவம்பா இந்தப் பொண்ணு."

பிறகு முகவரியைப் பார்த்திருக்க வேண்டும். கை நின்றது. நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

பதினொன்றையும் படிக்க மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. மனைவி கதவு வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். சொல்லிவிடு என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். மூவரில் முதலில் ஒருத்தியிடம் மட்டும் சொல், அவள் மற்றவர்களிடம் சொல்லட்டும் என்று ஒருவர். காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வா என்று ஒருவர். உன் பெற்றோரிடம் கோபப்படாதே, என் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள் என்று ஒரு வயதானவர். கடைசிப் பதிலை எழுதியவர் இரண்டாவது தடவையாக எழுதியிருந்தார். அவள் விழுந்த வாரத்தில் எழுதியது. உன்னிடமிருந்து ஒன்றும் காணோம், தோழிகளிடம் சொன்னாயா, என்ன சொன்னார்கள், ஒரு வரி போடு, நாங்கள் இங்கே காத்திருக்கிறோம் என்று.

அதற்குக் கீழே பதில் எழுதும் பெட்டி காலியாகத் திறந்திருந்தது. அவள் விசைகளின் மேல் விரல் வைத்தாள். எடுத்தாள். நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"சொன்னியான்னு கேக்கிறாங்கப்பா. என்ன எழுதட்டும்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியாததால் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவள் அதை நம்பி, தலையாட்டிவிட்டு, திரும்பித் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, நீ நகரு, நான் எழுதுறேன் என்றேன். ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தேன். முதல் வரியாக, நான் அவளுடைய அப்பா என்று எழுதினேன். அடுத்த வரி வருவதற்கு வெகு நேரமாயிற்று.